ஏலத்துக்கு வராத மீன்

(மரக்காணத்தில் இயக்கத் தோழர்களும் மாணவர்களும் கூடிய பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கால்வாயைப் பற்றியும் மீனைப் பற்றியும் பேசப் போகிறேன் என்றதும் ஒரு தோழர் கேட்டார்: "நிலப் பிரச்சினை கிடக்குது, கூலிப் பிரச்சினை கிடக்குது, வன்கொடுமை வழக்கு வருஷக்கணக்கா கோர்ட்ல கிடக்குது. இப்பப் போயி கெண்டை மீனுக்கு நோய் வந்தா என்ன, வராட்டி என்ன?" நியாயமான கேள்வி. இன்னொரு கேள்வியும் உங்கள் மனசில் இருக்கும். மரக்காணம் உப்புக்குப் பேர் போன ஊர். கிழக்கே கடல், ஊரை ஒட்டி பக்கிங்காம் கால்வாய், எல்லாமே உப்புத் தண்ணி. இங்கே நல்ல தண்ணி மீனுக்கு என்ன வேலை?

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

நமக்குத் தென்மேற்கே கழுவெளி கிடக்கிறது. மேற்கே மேட்டு நிலத்தில் இருக்கிற நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகள் வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, கலங்கல் வழிந்து, ஓடைகளிலும் கால்வாய்களிலும் இறங்கி கழுவெளியில் சேர்கின்றன. அங்கிருந்து எடையந்திட்டு கழிமுகம் வழியாகக் கடலுக்குப் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் கழுவெளித் தண்ணி நல்ல தண்ணி. சித்திரை, வைகாசியில் வற்றி, கடல் பக்கத்திலிருந்து உப்பு ஏறுகிறது. 2021 டிசம்பரில் 5,000 எக்டேருக்கும் மேற்பட்ட பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது. பறவை வருவது மீனுக்காகத்தான்.

உப்புத் தண்ணிக்கும் நல்ல தண்ணிக்கும் நடுவில் நாம் போடுகிற கோடு மீனுக்குக் கிடையாது. விலாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது முட்டையிடுவது நடுக்கடலில். குஞ்சு நூல் மாதிரி கழிமுகத்துக்கு வந்து, ஓடையில் ஏறி, கால்வாயில் ஏறி, ஏரிக்குப் போய் வருஷக்கணக்கில் வளர்கிறது. மறுபடி முட்டையிடக் கடலுக்கே திரும்புகிறது. உளுவையும் கழிமுகத்துக்கும் ஏரிக்கும் போய்வரும் மீன். புதுமழை பெய்ததும் கெண்டையும் கெளுத்தியும் ஓடுகிற தண்ணியை எதிர்த்து ஏறுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பனையேறிக் கெண்டை ஈரத்தரையிலேயே ஊர்ந்து போகும். ஆக, கழிமுகம், கழுவெளி, ஓடை, வரத்துக் கால்வாய், ஏரி எல்லாம் மீனுக்கு ஒரே வீடு. நடுவில் ஒரு இடத்தை அடைத்தாலோ கெடுத்தாலோ வீடு முழுக்கப் பாழ்.

இப்போது முதல் கேள்வி. இதில் சேரிக்கு என்ன?

ஏரி மீனுக்கு ஏலம் உண்டு. ஏலம் யார் எடுக்கிறார்கள், யார் பணம் கட்ட முடிகிறது, ஏலம் நடக்கிற இடத்தில் யார் உட்கார முடிகிறது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஏலம் முடிந்த பிறகு சேரிப் பையன் ஏரியில் தூண்டில் போட்டால் அது திருட்டு. ஆனால் கால்வாய் மீனுக்குப் பொதுவாக ஏலம் கிடையாது. மதகுக்குக் கீழே தேங்கின பள்ளம், வரத்துக் கால்வாயின் கோரைப் புதர், வயலுக்குப் போகிற வாய்க்கால், இங்கே கிடைக்கிற குரவை, தேளி, ஆரல், உளுவை, அயிரை, வயல் நண்டு, நத்தை, இதெல்லாம் இறங்கிப் பிடிக்கிறவர்களுக்குச் சொந்தம். நடவு முடிந்து வருகிற பெண்கள் முந்தானையை விரித்துப் பிடித்தார்கள். இருளர்கள் பறியைக் கட்டிக்கொண்டு கையாலேயே தடவிப் பிடித்தார்கள். காசு கொடுக்காமல், யாரிடமும் கைகட்டி நிற்காமல் கிடைத்த சாப்பாடு இது ஒன்றுதான். சின்ன மீனை முள்ளோடு மென்று தின்னும்போது சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து, கண்ணுக்கான வைட்டமின் எல்லாம் சேர்ந்து கிடைக்கிறது. ரத்தசோகை உள்ள நம்ம பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதுதான் டானிக்.

கால்வாய்க்கு சிமெண்ட் பூசுகிற போதும், கால்வாயில் சாக்கடையைத் திருப்புகிற போதும் முதலில் பறிபோவது இந்த ஏலத்துக்கு வராத மீன்தான். அது எந்தக் கணக்கிலும் எழுதப்படாத மீன். அதனால் அது போனதும் எந்தக் கணக்கிலும் வராது.

சிமெண்ட் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

மண் கால்வாயின் கரை நேராக இருக்காது. ஒரு இடத்தில் பள்ளம், ஒரு இடத்தில் வேர், ஒரு இடத்தில் கோரை. விரால் கரையோரப் புல்லைச் சுற்றி இடம் ஒதுக்கித்தான் முட்டையிடும். தாயும் தகப்பனும் காவல் நிற்க, செவசெவன்னு குஞ்சுக் கூட்டம் மேலே வந்து மூச்சு வாங்கும். ஆரல் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். அயிரைக்கு மணல் தரை வேண்டும். தண்ணியை நிறுத்தின பிறகும் மண் கால்வாயின் பள்ளங்களில் தண்ணி கிடக்கும். அந்தப் பள்ளத்தில் பிழைத்த மீன்தான் அடுத்த வருஷத்துக்கு விதை. விரால் வற்றின சேற்றுக்குள்ளேயே கோடையைக் கழித்துவிடும்.

சிமெண்ட் பூசினால் பள்ளம் போச்சு, வேர் போச்சு, சேறு போச்சு. புழு பூச்சிக்கு இடமில்லை என்றால் மீனுக்குத் தீனியில்லை. தண்ணி வழவழப்பான தரையில் வேகமாக ஓடுவதால் சின்ன மீன் எதிர்த்து ஏற முடியாது. நிறுத்தி ஏற வேர் இல்லை, கல் இல்லை. மரத்தை வெட்டிவிட்டுத்தான் பூசுகிறார்கள், ஆகவே நிழலும் இல்லை. வெயிலில் காய்கிற தண்ணியில் பிராணவாயு குறையும். 25 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் நல்ல தண்ணி 8 மில்லிகிராம் அளவுக்குப் பிராணவாயுவைப் பிடித்து வைக்கும். 35 டிகிரியில் 7 மில்லிகிராம்தான். சூடு ஏற ஏற மீனுக்கு அதிக மூச்சு வேண்டும், தண்ணியிலோ குறைவாக இருக்கும்.

இன்னொன்று. புது சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து தண்ணி காரமாகிறது. ஓடுகிற தண்ணியில் இது சீக்கிரம் கரைந்து போய்விடும். தேங்கின தண்ணியில் அப்படிப் போகாது. பூசின கையோடு கொஞ்சம் தண்ணி தேங்கினால் அதன் காரம் மீனின் செவுளையும் தோலையும் அரிக்கும்.

அடுத்தது மாசு. சாக்கடை விழுகிற தண்ணியில் கிருமிகள் கழிவைத் தின்று பெருகி, இருக்கிற பிராணவாயுவைக் குடித்துவிடுகின்றன. பெரும்பாலான மீனுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நிம்மதி. 3க்குக் கீழே போனால் தீனி எடுக்காது, வளராது, நோய் தாக்கும். விடியற்காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தால் ராத்திரி முழுக்க மூச்சுக்குத் தவித்தது என்று அர்த்தம். கறுப்புச் சேற்றைக் கிளறினால் அழுகின முட்டை வாடை வருகிறதே, அந்த வாயுவும் மீனுக்கு விஷம்தான்.

சிமெண்டும் சாக்கடையும் ஒன்று சேரும்போது கேடு கூடுகிறது. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சாக்கடையிலும் உரத்திலும் இறால் பண்ணைக் கழிவிலும் அமோனியா இருக்கிறது. தண்ணியின் பி.எச். 7 ஆக இருந்தால் அந்த அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ வடிவத்தில் இருக்காது. பி.எச். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விஷமாகிவிடும். அதே சாக்கடைதான், அதே அளவுதான். தண்ணி காரமானதால் மட்டும் செவுளை எரிக்கிற விஷமாக மாறுகிறது. நிழல் இல்லாத தேங்கின தண்ணியில் பாசி மண்டினாலும் பகலில் பி.எச். இப்படித்தான் ஏறும். மண்ணும் கோரையும் இருந்தால் அந்தக் கழிவில் ஒரு பகுதியை அவை உறிஞ்சியிருக்கும். அதையும் நாம் சுரண்டி எடுத்துவிட்டோம்.

புண் நோயைப் பற்றி வயசானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இந்தியாவில் 1988இல் வடகிழக்கு மாநிலங்களில் தொடங்கி, 1990களின் ஆரம்பத்தில் தமிழ்நாட்டுக்கும் வந்தது. விரால், குரவை, கெண்டை உடம்பெல்லாம் சிவந்து, சதை குழிந்து, எலும்பு தெரிய மிதந்தன. அஃபனோமைசிஸ் என்கிற பூஞ்சை மாதிரியான நுண்ணுயிர் அதற்குக் காரணம் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். அந்த உயிர் நல்ல தோலில் லேசில் நுழையாது. மழைக்குப் பிறகு தண்ணி குளிர்ந்து, புளிப்பேறி, மீனின் மேல் இருக்கிற வழுவழுப்பு கெட்டு, தோலில் கீறல் விழும்போதுதான் நுழைகிறது. நோய்க்குக் கிருமி ஒரு காரணம். மீனின் தோலைக் கெடுத்து வைத்த தண்ணி இன்னொரு காரணம். மனுஷனுக்குக் காசநோய் வருவதும் இப்படித்தானே? கிருமி எல்லார் வீட்டுக்கும் போகுது, சத்தில்லாத உடம்பில்தான் தங்குது.

அந்தப் புண் மீனைச் சந்தையில் யாரும் வாங்கவில்லை. சேரியில் புண்ணை வெட்டிப் போட்டுவிட்டு மிச்சத்தைக் குழம்பு வைத்தவர்கள் உண்டு. வேறு என்ன செய்வது?

"எங்க கால்வாய்ல இன்னும் மீன் இருக்குதே" என்று ஒரு தம்பி சொன்னார். என்ன மீன் என்று கேளுங்கள். ஜிலேபி. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அயல் மீன். இல்லாவிட்டால் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி. அல்லது தேளி, குரவை. தேளியும் குரவையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் மேலே வந்து காற்றை நேராகச் சுவாசிக்கக் கூடியவை. ஜிலேபி எந்தத் தண்ணியையும் தாங்கும். ஆகவே இவை மட்டும் மிஞ்சின கால்வாயில் மீன் இருப்பதைக் காட்டி, தண்ணி நல்லா இருக்குதுன்னு அதிகாரி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கெண்டை எங்கே, அயிரை எங்கே, ஆரல் எங்கே என்று கேளுங்கள். ரசாயனக் கழிவு கலந்த தண்ணியாக இருந்தால், பிழைத்திருக்கிற மீனே அந்த உலோகங்களைச் சதையில் சேர்த்து வைத்து நம்ம தட்டுக்குக் கொண்டுவரும்.

இதை நம்ம கண் முன்னால் பார்த்திருக்கிறோம். நொய்யலில் 1992இல் கட்டின ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கென்று கட்டினது. திருப்பூர் சாயக்கழிவு தேங்கி விவசாயிகளே தண்ணி வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போடுகிற வரைக்கும் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் இறங்கி, பக்கிங்காம் கால்வாயிலும் எண்ணூர் கழிமுகத்திலும் படிந்தது. இங்கே மரக்காணத்தில் முடிகிற அதே கால்வாய்தான் தோழர்களே.

அந்தக் கால்வாயின் கதையையும் சொல்ல வேண்டும். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற பகுதியைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். பட்டினி கிடந்த சனங்கள் அரை வயிற்றுக் கூலிக்கு வெட்டின கால்வாய்க்கு ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வைத்தார்கள். வெட்டினவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. பிறகு சென்னை நகரத்துக்குள் அது சாக்கடையானது. 1990களில் பறக்கும் ரயிலுக்குக் கால்வாய்க்குள்ளேயே தூண் போட்டு, கான்கிரீட் சுவர் எழுப்பி, அகலத்தைச் சுருக்கினார்கள். மாசு யாரால் வந்தது என்று கேட்டபோது மட்டும் கரையில் குடிசை போட்டிருந்த சனங்களைக் காட்டினார்கள். அவர்களைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொட்டினார்கள். குடிசை போன பிறகு தண்ணி தெளிந்துவிட்டதா? மாடி வீடுகளின் குழாய் இன்னும் அதில்தானே திறந்திருக்கிறது.

நம்ம பக்கத்துக்கு வருவோம். கழுவெளி ஓரத்திலும் கால்வாய் ஓரத்திலும் இறால் பண்ணைகள். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்காற்று மண்டலத்துக்குள் இருக்கிற பண்ணைகளை அகற்றச் சொல்லி 1996 டிசம்பர் 11இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 2005இல் நாடாளுமன்றம் தனியாக ஒரு சட்டம் கொண்டுவந்து பண்ணைகளைப் பதிவு செய்து நடத்த வழி திறந்தது. பண்ணையிலிருந்து வெளியேறுகிற தண்ணியில் மிஞ்சின தீனி, அமோனியா, மருந்து எல்லாம் வரும். குளத்தில் கட்டின உப்புத் தண்ணி பக்கத்து நல்ல தண்ணியிலும் கசியும். உப்பு ஏறின ஓடையில் விரால் குஞ்சு பிழைக்காது.

சரி, கால்வாய்க்கு சிமெண்ட் வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

கீழ்பவானியைப் பாருங்கள். 1950களில் முடித்த மண் கால்வாய், 200 கிலோமீட்டர் நீளம், 2,07,000 ஏக்கர் பாசனம். 2020இல் 700 கோடிக்கு மேல் ஒதுக்கி கான்கிரீட் போட அரசு முடிவெடுத்ததும் விவசாயிகள் இரண்டு பட்டார்கள். கடைமடைக்குத் தண்ணி வரட்டும், கான்கிரீட் போடு என்றது ஒரு தரப்பு. கசிவு நின்றால் கிணறு வற்றும், மரம் சாகும், போடாதே என்றது இன்னொரு தரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. கடைமடையில் துண்டு நிலம் வைத்திருக்கிற நம்ம ஆளுக்குத் தண்ணி வந்து சேர வேண்டும் என்பதை நான் மறுக்க மாட்டேன். உடைகிற இடத்தில், மதகடியில், ஊருக்குள் கரை சரிகிற இடத்தில் கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் இரண்டு தரப்பின் பேச்சிலும் ஆயக்கட்டு இருந்தது, கிணறு இருந்தது, தென்னை இருந்தது. கால்வாயில் இறங்கி மீன் பிடிக்கிற கூலிக்காரன் அந்தப் பேச்சின் நடுவே வரவில்லை.

இது தற்செயலா? 2000ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பாசன அமைப்புகளை விவசாயிகள் நிர்வகிக்கிற சட்டம் வந்தது. அதன்படி அமைகிற நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் உறுப்பினராவதற்கு ஆயக்கட்டில் நிலம் இருக்க வேண்டும். 2007இல் உலக வங்கிக் கடனில் தொடங்கின நீர்வள நிலவளத் திட்டம் இந்தச் சங்கங்களை வைத்துத்தான் நடந்தது. நிலம் இல்லாதவன் தண்ணியைப் பயன்படுத்தவில்லையா? அவன் மாடு குடிக்கவில்லையா, அவன் வீட்டுப் பெண்கள் துவைக்கவில்லையா, அவன் மீன் பிடிக்கவில்லையா? நிலத்தை நமக்குத் தராமல் வைத்திருந்த சமூகம், நிலம் இல்லை என்பதையே காரணம் காட்டி தண்ணியின் மீதான பேச்சுரிமையையும் மறுக்கிறது. கசிவு நீரை வீண் என்று எழுதுகிறார்கள். அந்த வீண் தண்ணிதான் சேரிக் கைபம்பில் வருகிற தண்ணி. கோரையைக் களை என்று எழுதுகிறார்கள். அந்தக் களையில்தான் விரால் குஞ்சு.

1927 மார்ச் 20இல் மகாட் சவதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கித் தண்ணியைக் கையில் அள்ளிக் குடித்தார். அதற்குப் பிறகு சாதி இந்துக்கள் சாணியும் கோமியமும் ஊற்றி அந்தக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். மனுஷன் கை பட்டதற்குத் தீட்டுக் கழித்த அதே சமூகம், நகரத்து மலத்தையும் ஆலைக் கழிவையும் நாள் தவறாமல் நீர்நிலையில் விடுகிறது. அதற்குத் தீட்டு இல்லை. சுத்தம் பற்றின அவர்கள் பேச்சு தண்ணியைப் பற்றினது இல்லை, தொடுகிற ஆளைப் பற்றினது என்று மகாட் காட்டிக் கொடுத்தது. நம்ம சுற்றுச்சூழல் அரசியல் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கடைசியாக, செய்ய வேண்டிய வேலை.

ஒன்று, கணக்கு எழுதுவது. ஒவ்வொரு சேரியிலும் ஒரு நோட்டு. எந்தத் தேதியில், எந்தக் கால்வாயில், என்ன மீன் கிடைத்தது, புண் இருந்ததா, செத்து மிதந்ததா, தண்ணி என்ன நிறம், என்ன வாடை. கல்லூரி மாணவர்கள் பி.எச். தாள் வாங்கிக் காலையிலும் மதியத்திலும் பார்த்து எழுதலாம். செலவு கொஞ்சம்தான். எந்தெந்த மீன் முன்னே இருந்தது, எப்போது காணாமல் போனது என்று நம்ம ஆயாக்களையும் இருளர் தெருப் பெரியவர்களையும் கேட்டு எழுதுங்கள். கணக்கு இல்லாத மீனுக்குக் கணக்கு உண்டாக்குவதுதான் முதல் போராட்டம்.

இரண்டு, கால்வாய் வேலை தொடங்குவதற்கு முன்னால் மதிப்பீட்டையும் வரைபடத்தையும் 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள்: தரையைச் சிமெண்ட் பூசாமல் மண்ணாக விடு, கரைக்குக் கட்டவேண்டிய இடத்தில் கருங்கல்லை இடுக்கு விட்டு அடுக்கு, குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு மடு விடு, தடுப்பணையில் மீன் ஏற வழி விடு, மரத்தை வெட்டாதே. கான்கிரீட் போட்ட இடத்தில் முதல் தண்ணியைத் தேங்க விடாமல் ஓட்டிவிடு.

மூன்று, சட்டம். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் படியுங்கள். அட்டவணை சாதி, பழங்குடி மக்கள் வழக்கமாகப் பயன்படுத்துகிற நீர்நிலையை அந்தப் பயன்பாட்டுக்கு உதவாதபடி கெடுப்பது அதில் குற்றம். 2015 திருத்தம், பொதுச் சொத்துகளை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையும் குற்றமாக்கியது. கிணற்றில் எதையாவது போட்டால்தான் இந்தப் பிரிவு என்று நினைக்காதீர்கள். நம்ம தண்ணியில் குழாயைத் திருப்புகிறவன் மீதும் இது பாயுமா என்று வழக்கறிஞர் தோழர்கள் யோசிக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு கொடுக்கும்போது நோட்டுக் கணக்கையும் சேர்த்துக் கொடுங்கள்.

நான்கு, நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் நிலமில்லாதவர்களுக்கும் இருளர்களுக்கும் பெண்களுக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்று கேட்போம். ஏரி மீன் ஏலத்தைச் சேரி மக்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தரச் சொல்லிக் கேட்போம்.

நிலத்துக்குப் போராடுவதும் கூலிக்குப் போராடுவதும் இதனால் பின்னுக்குப் போகாது. நிலம் கேட்கிற அதே வாயால் தண்ணியையும் கேட்கிறோம். அடுத்த ஐப்பசி மழைக்கு முன்னால் முதல் நோட்டுகள் நம்ம கைக்கு வந்துவிட வேண்டும். யார் யார் எந்தக் கால்வாயை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று இந்தக் கூட்டம் கலைவதற்குள் பெயர் கொடுங்கள்.